இரண்டு வீட்டில் இருந்த ஒரு பேனா

எனக்கு எழுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது நான்கு, நாத்தனார் போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு. ஆறு பேருக்கும் எழுத்து நன்றாக வரும். ஆனால் இன்று ஆறு பேரும் பேனாவைத் தொடுவதில்லை, எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் எந்தக் காகிதத்திலும் நான் கைநாட்டு வைத்ததில்லை. ரேஷன் கடையில் விரலை வைக்கச் சொன்ன நாளிலும், "கையெழுத்தே போடுதேன், தாளக் குடுங்க" என்றுதான் கேட்டேன். அந்தப் பையன் சிரித்துவிட்டான். "ஆச்சி, இது மிஷினு. இதுக்கு ஒங்க கையெழுத்து வாசிக்கத் தெரியாது" என்றான். மிஷினுக்கு வாசிக்கத் தெரியாததற்காக நான் விரலை வைத்தேன். அதைக் கைநாட்டு என்று நான் சேர்த்துக்கொள்வதில்லை.

எழுத்துக் கூட்டி எழுதுவதால் மெதுவாகத்தான் வரும். வரட்டும். எனக்கு எந்த அவசரமும் இல்லை.

எங்கள் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் எழுத்து வேலை பார்த்தார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து தேக்கு வந்து இறங்குகிற கடை. முதலாளி ஒரு தடவை கொல்லத்துக்குப் போனவர் தாத்தாவுக்கென்று ஒரு பேனா வாங்கிவந்தார். கருஞ்சிவப்பு உடம்பு, அதே நிறத்தில் மூடி, மூடியில் தங்க நிறத்தில் ஒரு கொக்கி, கொக்கியின் நுனியில் மிளகு அளவுக்கு ஓர் உருண்டை. கழுத்தைத் திருகிக் கழற்றி, கண்ணாடி ஃபில்லரால் மை ஊற்ற வேண்டும். சிந்திய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார் தாத்தா. நரைத்த தலையில் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் நீலம் பாரித்திருக்கும்.

தாத்தா சாய்த்து எழுதுகிறவர். அவர் எழுதி எழுதி நிப்பு அவருடைய சாய்வுக்கே தேய்ந்துபோயிருந்தது. வேறு யார் எழுதினாலும் கீச்சென்று காகிதத்தைக் கீறும். சித்தப்பா கையில் மட்டும் கீறாது. அவர் எழுத்தும் தாத்தாவுடையதைப் போலவே சாயும். அப்பா நெட்டுக்குத்தாக எழுதுகிறவர். இருந்தாலும் தாத்தா கண்ணை மூடிய பிறகு, மூத்தவர் என்பதால் பேனா அப்பாவின் சட்டைப்பைக்குத்தான் வந்தது. சித்தப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுத வேண்டியிருந்தால், "அண்ணே, பேனா" என்று கையை நீட்டுவார். அப்பா எடுத்துக் கொடுப்பார். மூடியோடுதான் கொடுப்பார்.

மூடியோடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு வெளியே அப்பா அப்படிக் கொடுக்க மாட்டார். போஸ்டாபீசில், பஸ்ஸ்டாண்டில், உரக்கடையில், யாராவது "அண்ணாச்சி, பேனாவைக் கொஞ்சம் தாங்களேன்" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் மூடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுவார். மூடியில்லாத பேனாவை எவனும் மறந்து பைக்குள் போட்டுக்கொண்டு போக முடியாது, சட்டை நாசமாகிவிடும். இது அப்பா கண்டுபிடித்த தந்திரம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பேனா வைத்திருந்தவர்கள் எல்லாருமே இப்படித்தான் செய்வார்கள். கேட்டு வாங்குகிறவர்களும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தாத்தாவுக்குப் பிறகு சொத்தைப் பிரித்தார்கள். சண்டை போட்டுப் பிரிக்கவில்லை. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, பிள்ளையில்லை. நான்தான் அவர்களுக்குப் பிள்ளை. ராத்திரிச் சோறு சித்தி கையில்தான். அருவிக்குப் போனால் சித்தப்பா தோளில்தான். தென்காசி வீடும் பக்கத்து வயலும் அப்பாவுக்கு, குற்றாலத்தில் இருந்த சின்ன வீடும் தோப்பும் சித்தப்பாவுக்கு என்று இரண்டு பேருமே சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அந்த வீட்டில் அறை வாடகைக்கு விடலாம் என்று யோசனை சொன்னதே அப்பாதான். தெருவில் எல்லாருக்கும் ஆச்சரியம். அண்ணன் தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

பத்திரம் பதிகிற நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வர வேண்டாம் என்று யாராவது சொன்னால்தானே. நான் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். ஆபீஸ் வாசலில் வேப்பமரம். அதன் கீழே நன்னாரி சர்பத் வண்டி. சித்தப்பா எனக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார். உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைமேல் பத்திரத்தை விரித்து வைத்து, "பெரியவர் முதல்ல" என்றார் குமாஸ்தா. அப்பா பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். நிப்பு கீச் கீச்சென்றது. பிறகு பேனாவைத் தம்பி பக்கம் நீட்டினார்.

மூடி அவருடைய இடது கையில் இருந்தது.

சித்தப்பா பேனாவை வாங்கவில்லை. அப்பாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூடி?"

"கையெழுத்த போட்டுட்டுத் தா, மாட்டிருதேன்."

"மூடியத் தாங்கன்னேன்."

"எதுக்குலே மூடி? எழுதுததுக்கு மூடி எதுக்கு?"

"போஸ்டாபீசுல வாரவன் போறவனுக்குக் குடுக்க மாதிரில்லா குடுக்கீங்க. நான் என்ன, பேனாவத் தூக்கிட்டு ஓடிருவனா?"

குமாஸ்தா சிரித்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அப்பா மூடியைக் கொடுத்திருப்பாரோ என்னவோ. ஆபீசு, மேஜை, அந்நிய முகங்கள் என்று பார்த்ததும் அவருடைய கை பழக்கத்தில் செய்த காரியம் அது. "கை மறதி, இந்தாலே" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நாலு பேர் சிரித்த பிறகு அப்பாவுக்கு வாய் வேறு விதமாகத் திறக்கும்.

"யாரா இருந்தா என்ன? என் பேனா வெளிய போனா மூடி எங்கிட்டதான் இருக்கும்" என்றார்.

சித்தப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். நின்ற வாக்கிலேயே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அவர் கையில் அது சத்தமே போடவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும், மூடியில்லாத பேனாவை அப்படியே தலைகீழாகத் தன்னுடைய வெள்ளைச் சட்டைப்பையில் சொருகினார்.

"மூடிய நீங்களே வச்சுக்கிடுங்க. வீட்டுல பாதி, நெலத்துல பாதி, பேனாவுலயும் பாதி. பங்கு சரியாப் போச்சு."

அவர் படியிறங்கி வேப்பமரத்தைத் தாண்டும்போது சட்டைப்பையில் நீலம் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. பஸ் நிற்கிற இடத்துக்குப் போவதற்குள் உள்ளங்கை அளவுக்கு விரிந்துவிட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். எப்போதும் போலத் தூக்கிக்கொள்வார் என்று கையை உயர்த்தினேன். "மை ஒட்டிக்கிடும். ஒங்கப்பாகிட்ட போ" என்றார். அந்த வாரமே சித்தியும் அவரும் குற்றாலத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஊரே சிரித்த கதை. அப்பா மூடியை விடவில்லை. அதற்குப் பொருந்துகிற மாதிரி ஓர் உடம்பைத் தேடி தென்காசியில் இருந்த கடையெல்லாம் ஏறி இறங்கினார். எதுவும் மரை சேரவில்லை. கடைசியில் ஒரு மட்டமான கறுப்புப் பேனாவை வாங்கி, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி, தாத்தாவின் மூடியை அதன்மேல் அமுக்கி வைத்துக்கொண்டார். அது ஒழுகும். குற்றாலத்தில் சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. தாத்தாவின் பேனாவுக்கு எங்கிருந்தோ ஒரு பச்சை மூடி பிடித்து மாட்டியிருந்தார். வெளியே பார்த்தால் தெரிவது மூடிதானே. சட்டைப்பையைப் பார்த்தால் தாத்தாவின் பேனா அப்பாவிடம் இருந்தது. காகிதத்தைப் பார்த்தால் அது சித்தப்பாவிடம் இருந்தது.

மறு வருஷம் புளியங்குடியில் அத்தை மகள் கல்யாணம். இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பந்தலில் ஆளுக்கொரு மூலை. மொய் எழுதுகிறவருக்குப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பேனா, பேனா என்று கூப்பிட்டதும் அப்பா எழுந்து போய்த் தங்கக் கொக்கியை எடுத்து நீட்டினார். மூடி மட்டும் கையோடு வந்தது. கறுப்பு உடம்பு பைக்குள்ளேயே தங்கிவிட்டது. சித்தப்பா அந்த மூலையிலிருந்து வந்து, பச்சை மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். மொய் எழுதியவர் விளையாட்டுப் பேச்சுக்காரர்.

"அண்ணாச்சி, தல ஒங்ககிட்ட இருக்கு, முண்டம் தம்பிகிட்ட இருக்கு. ரெண்டையும் ஒரு தடவ மாட்டிப் பாத்துருவமா? கல்யாண வீடு, நல்ல நேரம்தான்!"

பந்தலே சிரித்தது. அத்தை ஓடிவந்து, "செய்ங்கலே ரெண்டு பேரும்! எங்கய்யா பேனா அது!" என்றாள். ஒரு நொடி இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். இப்போது மாட்டிவிடுவார்கள், இன்றைக்கே சித்தி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு நிற்கவில்லையே. யார் முதலில் கையை நீட்டுவது? அப்பா மூடியைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். சித்தப்பா சாப்பிடாமலேயே போய்விட்டார்.

இன்னும் ஒரு சீசன் போனது. ஆடி மாதம் சாரல் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. சித்தியின் அண்ணன் பம்பாயில் ஒரு கம்பெனியில் சித்தப்பாவுக்கு வேலை பார்த்துவிட்டார். தோப்பையும் வீட்டையும் விற்றாகிவிட்டது. நாளைக்கு ரயில். செய்தி சொன்னது தயிர்க்காரி. சொந்தத் தம்பி ஊரைவிட்டுப் போவதைத் தயிர்க்காரி சொல்லித்தான் அப்பா தெரிந்துகொண்டார்.

அம்மா சொன்னாள்: "இனிமே எப்ப வாரானோ, என்னவோ. ஒரு நட போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க மூத்தவரு."

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கறுப்புப் பேனாவின் கழுத்தில் சுற்றியிருந்த நூலையெல்லாம் பிரித்துப் போட்டிருந்தார். மூடியைத் தண்ணீரில் போட்டுக் கழுவினார். பழைய துணியைத் திரியாகத் திரித்து உள்ளே விட்டுத் திருகித் திருகித் துடைத்தார். துணி நீலமாக வந்தது. மறுபடியும் கழுவினார். துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் விடவில்லை. கொக்கியைத் திருநீறு போட்டுத் தேய்த்தார். அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "அருவிக்குப் போவமா, ஏட்டி?" என்றார்.

நான் துள்ளினேன். அப்பாவோடு பஸ்ஸில் போனேன். இலஞ்சி தாண்டும்போதே ஜன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. குற்றாலத்தில் இறங்கியதும், ஆட்கள் எல்லாம் துண்டும் எண்ணெயுமாக அருவிக்குப் போகிற பக்கம் போக, அப்பா மட்டும் என்னை வேறு தெருவுக்குக் கூட்டிப்போனார். தெருமுனையில் நேந்திரங்காய் வறுக்கிற கடை. அதன் ஓலைச் சாய்ப்பின் கீழே நின்றுகொண்டார். கைக்குட்டையில் பொதிந்த மூடியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கினார்.

"அந்தா தெரியுதுல்லா, மூணாவது வீடு. சித்தப்பா கையில குடு. குடுத்துட்டு வந்துரு."

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம்."

"நீங்க வரலையா?"

"நான் இங்கன நிக்கேன். நிக்கேன்னும் சொல்லாண்டாம், என்னா?"

சொல்லிவிட்டும் அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. தரை பாசி பிடித்திருந்தது. வழுக்கி விழுந்துவிடுவேன் என்று பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். "விழ மாட்டேன், விடுங்க" என்று தோளை உருவிக்கொண்டு ஓடினேன்.

சித்தப்பா வீட்டில் பாயும் தலையணையும் கட்டிக் கிடந்தன. டிரங்குப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார் சித்தப்பா. சித்திதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, யாரு வந்திருக்கா பாருங்க! எம்மாடி, எப்பிடி வளந்துட்டா!" என்று என்னை இழுத்து அணைத்து, ஈரத் தலையை முந்தானையால் துவட்டினாள். மங்குஸ்தான் பழத்தை உடைத்து வாயில் ஊட்டினாள். சித்தப்பா கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தார். அவர் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டு வந்தது. பையில் பச்சை மூடி.

"ஏட்டி, சித்தப்பாவ மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

நான் பழத்தை விழுங்கிவிட்டுக் கைக்குட்டையை நீட்டினேன். அவர் பிரித்தார். மூடியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். கட்டை விரலால் அந்தச் சின்ன உருண்டையைத் தேய்த்தார்.

"ஒங்கப்பா ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே சொல்லல."

சித்தி எட்டிப் பார்த்தாள். "கழுவித் தொடச்சுல்லா குடுத்து விட்டிருக்காக. இரவல் வாங்குன பாத்திரத்தத் திருப்பிக் குடுக்க மாதிரி" என்றாள். இரவல் பாத்திரத்தைக்கூட எங்கள் பக்கம் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். அந்த மூடிக்குள் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

"நீ யாரு கூட வந்தே?" என்றார் சித்தப்பா.

"பஸ்ஸுல வந்தேன்."

"பஸ்ஸுலதான் வருவே. கூட யாரு வந்தா?"

நான் உதட்டை மூடிக்கொண்டேன். சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே. பொய் சொல்லவும் எனக்குப் பிடிக்காது. அதனால் சும்மா நின்றேன். சித்தியே பதிலும் சொல்லிவிட்டாள்: "வயலுக்கு வார ஆளு யாரையாவது தொணைக்கு அனுப்பிருப்பாக. தெருமுனையில நிப்பான்." நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார். பச்சை மூடியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார். தாத்தாவின் மூடியைப் பேனாமேல் வைத்துத் திருகினார். மூன்று சுற்றில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அவ்வளவு நாளும் தனித்தனியாகக் கிடந்தது போலவே இல்லை. அதைக் கைக்குட்டையில் பொதிந்து என்னிடம் கொடுத்தார்.

"அப்பிடியே கொண்டு போயி ஒங்கப்பாகிட்ட குடு."

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம்."

எனக்கு எப்படிச் சந்தோஷம் தெரியுமா! பேனா சேர்ந்துவிட்டது. மாட்டியது சித்தப்பா, கொண்டுபோவது நான். சாரலில் நனைந்துகொண்டு ஓடினேன். அப்பா அந்தச் சாய்ப்பின் கீழே அதே இடத்தில் நின்றார். தலை நனைந்திருந்தது, அப்படியானால் நடுவில் தெருவுக்குள் இறங்கி வந்து பார்த்திருக்கிறார். கைக்குட்டை கனமாக இருக்கிறதைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. பிரித்துப் பார்த்தார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே சொல்லல."

அப்பா அந்த வீட்டைப் பார்த்துத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். கடைக்காரர் சட்டுவத்தோடு எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, யாரத் தேடுதீங்க?" என்று கேட்டார். "யாரையும் இல்ல" என்று அப்பா திரும்பி வந்துவிட்டார்.

சீசனில் குற்றாலம் போய்க் குளிக்காமல் திரும்பியது நாங்களாகத்தான் இருப்போம். அருவிச் சத்தம் பஸ் ஏறுகிற இடம் வரைக்கும் கேட்டது. நான் அழுததால் ஒரு பொட்டலம் வறுவல் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் நான் கேட்டேன்: "பேனாதான் சேந்துட்டுல்லாப்பா, சித்தப்பா இனிமே வருவாருல்லா?"

"வருவான்" என்றார்.

மறுநாள் சாயந்திரம் அம்மா ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று தலைசீவி நின்றாள். அப்பா சட்டையை மாட்டி, பையில் அந்தப் பேனாவைச் சொருகிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. "மூடியக்கூடத் தொட மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டான். நான் என்ன மூஞ்சியோட போயி நிப்பேன்?" என்று அம்மாவிடம் சொன்னார். ரயில் கூவியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

சித்தப்பா வரவில்லை. ஒரு பொங்கலுக்கு வாழ்த்து வந்தது. மறு பொங்கலுக்கு இங்கிருந்து போனது. அப்பா அந்தப் பேனாவில்தான் எழுதினார். எவ்வளவோ வருஷம் எழுதினார். அவருக்கு அது கடைசி வரைக்கும் கீறியது. வாரத்துக்கு ஒரு தடவை கழுவி மை ஊற்றுவார். வேறு பேனா வாங்குங்கள் என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னதற்கு, "இது எழுதும், நமக்குத்தான் கை சரியில்ல" என்றார். ஆனால் ஒன்று மாறிவிட்டது. அதற்கப்புறம் யார் பேனா கேட்டாலும் அப்பா மூடியோடுதான் கொடுத்தார். "அண்ணாச்சி, மூடிய நீங்க வச்சுக்கிடுங்க" என்று கேட்டவர்களே சொன்னாலும் கேட்க மாட்டார். அப்படித்தான் அது போனது. பேங்கில் ஒருவன் வாங்கினான். கூட்டத்தில் மூடியை மாட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான், மறந்துதான் போயிருப்பான். அப்பா பேங்கு கதவு சாத்துகிற வரைக்கும் வாசலில் நின்றுவிட்டு வந்தார். திட்டவில்லை. தேடவும் இல்லை.

சித்தப்பா பம்பாயிலேயே காலமானார். அப்பா அதற்கு நாலு வருஷம் கழித்து. இரண்டு பேரும் போன பிறகு, என் மூத்த மகள் கல்யாணத்துக்குச் சித்தி வந்தாள். கல்யாண அலுப்பெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் அடுக்களையில் உட்கார்ந்து புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தோம். என்னவோ பேச்சில் அந்த நாள் வந்தது.

"ரயிலு கெளம்புத வரைக்கும் ஒங்க சித்தப்பா உள்ள ஏறல, பிளாட்பாரத்துலயே நின்னாரு. முழுசாச் சேத்து அண்ணனுக்கே குடுத்து விட்டுட்டேன், மூத்தவருக்குத்தான அது, மனசு எளகி வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவுக வரல. மூடியக் குடுக்கதுக்குக்கூடப் பச்சப் புள்ளய அனுப்புனாகளே, அவுக ஒரு எட்டு வந்திருக்கப்படாதான்னு சாகுத வரைக்கும் கேட்டாரு" என்றாள் சித்தி.

"அப்பா வந்திருந்தாரே" என்றேன் நான்.

"எங்க?"

"தெருமுனையில. வறுவல் கடையில. நான் திரும்பி வார வரைக்கும் அங்கனதான் நின்னாரு."

சித்தி கையிலிருந்த புளியை அப்படியே வைத்துவிட்டாள். "ஒங்கப்பா அங்கனயா நின்னாக?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். "அந்தா இருக்க கடையிலயா?" என்று மறுபடியும் கேட்டாள், குற்றாலத்துத் தெரு எங்கள் அடுக்களைக்கு வெளியே இருக்கிறது போல.

என்மேல் பிழையில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். பெரியவர்கள் சொல்லாதே என்றால் சொல்லாமல் இருந்த பிள்ளை நான். சொன்னதை அப்படியே செய்ததற்காக அன்று ராத்திரி எனக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் அப்பா ஏன் அம்மாவை அனுப்பவில்லை, ஏன் வயல் ஆளை அனுப்பவில்லை? வாயைக் கட்டி வைக்கத் தெரியாத வயதுப் பிள்ளையைப் பார்த்து ஏன் அனுப்பினார்? சொல்லாதே என்று சொல்லிவிட்டு என் தோளை ஏன் விடாமல் பிடித்திருந்தார்? எட்டு வயதுப் பிள்ளை எப்படியும் உளறிவிடும், அப்பா அங்கே நிற்கிறார் என்று கையைக் காட்டிவிடும், தம்பி ஓடிவருவான் என்று நம்பித்தான் அந்த மனுஷன் சாரலில் நின்றிருக்கிறார். நான் உளறவில்லை. வழுக்கும் என்றுதான் பிடித்தார் என நினைத்துத் தோளை உருவிக்கொண்டு ஓடினேன்.

எழுதி முடித்துவிட்டேன். கூட்டி வாசித்துப் பார்க்க எனக்கு இனிக் கண் தாங்காது. பேத்தியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஏட்டி, அந்தப் போன வச்சுட்டு இங்கன வா. எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கும், பொறுமையா வாசி. சத்தமா வாசி, நான் கேக்கணும். ‘கூட யாரு வந்தா’ன்னு சித்தப்பா கேக்குத எடம் வரும். அங்கன ஒரு நிமிஷம் நிறுத்து. நிறுத்திட்டு, ‘அப்பா வந்திருக்காரு, தெருமுனையில நிக்காரு’ன்னு வாசி. தாள்ல அப்பிடி இருக்காது. இருந்தாலும் வாசி.